கடைசி வரிசையில் கிடைத்தவர்கள்: சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அணியின் வளர்ப்பு முறை

அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்தில் இளம் ஆட்டக்காரர்களை வளர்த்தெடுப்பது பற்றிப் பேச்சு எழுந்தால் பெரும்பாலும் முதலில் வரும் பெயர் சான் அன்டோனியோ ஸ்பர்ஸ். டெக்சஸ் மாநிலத்தின் தெற்குப் பகுதியில், ராணுவ முகாம்களும் மெக்சிக்க வம்சாவளி மக்களும் நிறைந்த நகரம் சான் அன்டோனியோ. நியூயார்க், லாஸ் ஏஞ்சலஸ் போல நட்சத்திரங்கள் தாமாகத் தேடி வரும் ஊர் அல்ல. தொலைக்காட்சிச் சந்தையும் சிறியது. இருந்தும் அந்த ஊர் அணி 1999, 2003, 2005, 2007, 2014 ஆகிய ஆண்டுகளில் என்பிஏ கோப்பையை வென்றது. 1998 முதல் 2019 வரை 22 பருவங்கள் இடைவிடாமல் பிளேஆஃப் சுற்றுக்குள் நுழைந்தது.

இந்த வெற்றிக்குள்ளேயே ஒரு சிக்கல் இருந்தது. என்பிஏயில் புதிய ஆட்டக்காரர்களை அணிகளுக்குப் பங்கிடும் டிராஃப்ட் முறையில், முந்தைய பருவத்தில் தோற்றவர்களுக்கு முன்னுரிமை; வென்றவர்கள் வரிசையின் கடைசியில் நிற்க வேண்டும். ஆண்டுதோறும் 50 ஆட்டங்களுக்கு மேல் வெல்லும் அணிக்கு 28ஆம் இடமோ 29ஆம் இடமோதான் வாய்க்கும். அந்த இடத்துக்கு வரும்வரை மற்ற அணிகள் தொடாமல் விட்ட பையனிடம் ஏதோ ஒரு குறை இருக்கும். பந்தை ஒழுங்காக எறியத் தெரியாது, உடம்பு போதாது, வெளிநாட்டில் ஆடியதால் யாரும் பார்த்ததில்லை, அல்லது பெயர் தெரியாத சிறிய கல்லூரியிலிருந்து வந்தவன். முதல் சுற்றில் தேர்வாகும் புதியவரின் சம்பளம் 1995 முதல் ஓர் அட்டவணைக்குள் அடங்கிவிட்டது. எனவே தேர்ந்தெடுத்த அணிக்குச் சில ஆண்டுகள் குறைந்த செலவில் ஓர் ஆட்டக்காரர் கிடைப்பார். அதற்குள் அவரை ஆளாக்கிவிட வேண்டும். ஸ்பர்ஸ் அணியின் பண்பாடு என்று பின்னாளில் போற்றப்பட்டது, வேறு வழியில்லாத ஓர் அணி கட்டிக்கொண்ட பிழைப்பு முறை என்பதே சரியான வருணனை.

தொடக்கத்தில் அப்படி எதுவும் இல்லை. 1967இல் ஏபிஏ என்ற போட்டி லீக்கில் டாலஸ் நகரில் உருவான அணி, 1973இல் சான் அன்டோனியோவுக்கு இடம்பெயர்ந்தது. 1976இல் ஏபிஏ கலைந்தபோது என்பிஏ சேர்த்துக்கொண்ட நான்கு அணிகளுள் ஸ்பர்ஸும் ஒன்று. ஜார்ஜ் கெர்வின் நான்கு முறை லீக்கிலேயே அதிகப் புள்ளி எடுத்தவராகத் திகழ்ந்தார், அரங்கம் ஆரவாரித்தது, கோப்பை மட்டும் வரவில்லை. எண்பதுகளின் நடுவில் அணி சரிந்தது. 1987இல் தோற்ற அணிகளுக்கான டிராஃப்ட் குலுக்கலில் முதல் இடம் கிடைத்து, கடற்படைக் கல்லூரி மாணவர் டேவிட் ராபின்சனைத் தேர்ந்தெடுத்தார்கள். அவருக்கு இன்னும் இரண்டு ஆண்டு கடற்படைப் பணி பாக்கி. அணி காத்திருந்தது. 1988–89 பருவத்தில் 21 வெற்றி. ராபின்சன் வந்த அடுத்த பருவத்தில் 56. அதுவரை என்பிஏ கண்டிராத ஏற்றம்.

அந்தக் காத்திருப்புக் காலத்தில்தான் இக்கதையின் மைய மனிதர் சான் அன்டோனியோவுக்கு வந்தார். கிரெக் போபோவிச் 1949இல் இந்தியானா மாநிலத்தில், செர்பியத் தந்தைக்கும் குரோவேசியத் தாய்க்கும் பிறந்தவர். விமானப்படைக் கல்லூரியில் சோவியத் இயல் படித்து 1970இல் பட்டம் பெற்றார். படைகளின் கூடைப்பந்து அணியோடு கிழக்கு ஐரோப்பாவையும் சோவியத் நாட்டையும் சுற்றினார். 1979இல் கலிஃபோர்னியாவின் பொமோனா-பிட்சர் என்ற சிறிய கல்லூரி அணிக்குப் பயிற்சியாளரானார். விளையாட்டுக்கென்று உதவித்தொகையே கொடுக்காத மூன்றாம் பிரிவுக் கல்லூரி அது. முதல் பருவத்தில் 2 வெற்றி, 22 தோல்வி. குடும்பத்தோடு மாணவர் விடுதியில் தங்கி, கல்லூரியின் மற்றக் குழுக்களிலும் உட்கார்ந்து எட்டு ஆண்டு அங்கே கழித்தார். அந்த மாணவர்களில் ஒருவரும் கூடைப்பந்தால் பிழைக்கப் போவதில்லை என்பது அவருக்குத் தெரியும். ஆட்டக்காரனை ஆட்டத்துக்கு வெளியிலும் ஒரு மனிதனாகப் பார்க்கும் பழக்கம் அவருக்கு வந்தது அங்கேதான் என்று கொள்ள இடமுண்டு.

பொமோனாவில் கிடைத்த ஓராண்டு விடுப்பைக் கான்சஸ் பல்கலைக்கழகத்தில் லாரி பிரௌனின் பயிற்சியை அருகிருந்து பார்க்கப் பயன்படுத்திக்கொண்டார் போபோவிச். 1988இல் பிரௌன் ஸ்பர்ஸ் பயிற்சியாளரானதும் அவரையும் ஆர். சி. பியூஃபோர்டையும் உதவியாளர்களாக அழைத்துவந்தார். 1992இல் அந்தக் குழு முழுவதுமே கலைந்தது. இரண்டு ஆண்டு கோல்டன் ஸ்டேட் அணியில் உதவிப் பயிற்சியாளராக இருந்துவிட்டு, 1994இல் ஸ்பர்ஸ் பொது மேலாளராகத் திரும்பினார் போபோவிச். 1996 டிசம்பர் 10 அன்று, 3 வெற்றி 15 தோல்வி என்ற நிலையில் பயிற்சியாளர் பாப் ஹில்லை நீக்கிவிட்டு அந்த இடத்தில் தானே அமர்ந்தார். காயத்தால் ஒதுங்கியிருந்த ராபின்சன் களத்துக்குத் திரும்பும் நேரமாகப் பார்த்து இதைச் செய்ததால் ரசிகர்கள் கொதித்தார்கள். ராபின்சன் மீண்டும் காயப்பட்டார். பருவம் 20 வெற்றியோடு முடிந்தது. வேறு எந்த ஊரிலும் இதற்கு மேல் அவரை வைத்திருக்க மாட்டார்கள். பயிற்சியாளரை நீக்கும் அதிகாரம் கொண்ட பொது மேலாளர் அவரேதான் என்பது அவருக்கு வாய்த்த கவசம்.

1997 குலுக்கலில் முதல் இடம் பாஸ்டனுக்குப் போகும் என்றே பலரும் எதிர்பார்த்தார்கள். சீட்டு ஸ்பர்ஸுக்கு விழுந்தது. டிம் டங்கன் வந்தார்.

அமெரிக்க வர்ஜின் தீவுகளில் உள்ள செயின்ட் குரோய் டங்கனின் ஊர். முதலில் நீச்சல் வீரர். 1989இல் ஹியூகோ சூறாவளி தீவின் நீச்சல் குளத்தை அழித்த பிறகே கூடைப்பந்துக்குத் திரும்பினார். பட்டம் பெறுவேன் என்று இறந்துபோன தாய்க்குக் கொடுத்த வாக்குக்காக, கோடிகள் காத்திருந்தபோதும் வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தில் நான்கு ஆண்டும் படித்து முடித்தார். டிராஃப்டுக்குப் பின் போபோவிச் அவரைப் பார்க்கத் தீவுக்கே போனார். இருவரும் கடலில் நீந்தினார்கள், பேசினார்கள். பேச்சில் கூடைப்பந்து குறைவு, மற்றவை அதிகம்.

அதே கோடையில் ராபின்சன் செய்தது, இந்த அணியின் வளர்ப்பு முறைக்கு உண்மையான தொடக்கம். 1995இல் லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது பெற்றவர் அவர். தன் இடத்துக்கே போட்டியாக வந்த இளைஞனைக் கொலராடோவில் தன்னோடு பயிற்சி செய்ய அழைத்தார். ஓரிரு பருவங்களில் தாக்குதலின் மையத்தை டங்கனுக்கு விட்டுக்கொடுத்து, தற்காப்பையும் பந்து மீட்பையும் தன் வேலையாக்கிக்கொண்டார். மூத்தவர் ஒதுங்கி இளையவருக்கு வழிவிடுவது விளையாட்டில் எளிதாக நடக்கும் காரியம் அல்ல. பல அணிகள் உடைவதே அந்த இடத்தில்தான்.

இதற்கு முதல் சோதனை 1999இல் வந்தது. தொழில் தகராறால் 50 ஆட்டங்களாகச் சுருங்கிய பருவத்தில் ஸ்பர்ஸ் 6 வெற்றி, 8 தோல்வி என்று தடுமாறித் தொடங்கியது. போபோவிச்சின் வேலை போகப்போகிறது என்று நாளேடுகள் எழுதின. ராபின்சனும் ஏவரி ஜான்சனும் சக ஆட்டக்காரர்களைக் கூட்டி, பயிற்சியாளர் பக்கம் நிற்பது என்று முடிவெடுத்தார்கள். எஞ்சிய 36 ஆட்டங்களில் 31 வெற்றி. ஜூனில் முதல் கோப்பை. இறுதிப் போட்டியை முடித்துவைத்த எறிதல் ஜான்சனுடையது. இதே அணி சில ஆண்டுகளுக்கு முன் வெளியே அனுப்பித் திரும்பச் சேர்த்துக்கொண்ட ஆள் அவர்.

அடுத்த பதினேழு ஆண்டுகளும் இந்த முறையின் அச்சாணி டங்கனே. அணிக்குப் புதிதாக வரும் பத்தொன்பது வயதுப் பையன் முதல் வாரத்திலேயே ஒரு காட்சியைப் பார்ப்பான்: பயிற்சியாளர் எல்லோர் முன்னிலும் டங்கனைப் பார்த்துக் கத்துகிறார், டங்கன் முகம் மாறாமல் கேட்டுக்கொண்டு அடுத்த முறை சரியாக நிற்கிறார். அதன் பிறகு அந்தப் பையன் தன்னைத் திட்டியதற்காக முறைத்துக்கொள்ள இடமில்லை. டங்கன் திட்டு வாங்கிக்கொள்வதால்தான் மற்றவர்களிடம் தனக்குப் பேச வாயிருக்கிறது என்று போபோவிச்சே பலமுறை சொல்லியிருக்கிறார். பணத்திலும் டங்கன் இதையே செய்தார். 2012இல் ஒப்பந்தம் முடிந்தபோது, ஆண்டுக்கு 2 கோடி டாலருக்கு மேல் வாங்கிக்கொண்டிருந்தவர் அதில் பாதிக்கும் குறைவான தொகைக்குக் கையெழுத்திட்டார். மிச்சமானது துணை ஆட்டக்காரர்களைத் தக்கவைக்க உதவியது.

உடைமாற்றும் அறைச் சுவரில் ஒரு வாசகம் சட்டமிட்டு மாட்டப்பட்டிருந்தது. டென்மார்க்கிலிருந்து அமெரிக்கா சென்ற பத்திரிகையாளர் ஜேக்கப் ரீஸ் எழுதியது. பாறையை ஓயாமல் உடைக்கும் கல்தச்சனைப் பற்றியது. வெளிநாட்டு ஆட்டக்காரர் சேரும்போதெல்லாம் அவர் தாய்மொழியிலும் அது எழுதி மாட்டப்பட்டது. இந்தச் சட்டத்தைப் பற்றிப் பத்திரிகைகள் அளவுக்கு மிஞ்சி எழுதிவிட்டன. பொன்மொழி மாட்டாத அணி எது? பிரெஞ்சிலும் ஸ்பானியத்திலும் எழுதிவைக்க யாரோ ஒருவர் மெனக்கெட்டார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

இரவு உணவு இன்னொரு கருவி. வெளியூர் ஆட்டங்களுக்குப் போகும்போது போபோவிச்சே உணவகத்தைத் தேர்ந்தெடுப்பார், மேசைகளை எப்படிப் போட வேண்டும் என்றும் சொல்வார், ஒயினையும் அவரே பார்த்து வரவழைப்பார். மற்ற அணிகளில் ஆட்டக்காரர்கள் காதில் ஹெட்ஃபோனோடு தனித்தனியே பிரிந்து போகும் நேரத்தில், இங்கே பிரேசில்காரரும் டெக்சஸ்காரரும் மூன்று மணி நேரம் ஒரே மேசையில் உட்கார்ந்திருந்தார்கள். பேச்சு அரசியலுக்கும் வரலாற்றுக்கும் போகும். 2014 ஜூன் 3 அன்று, இறுதிப் போட்டிக்கு ஒரு சில நாள் முன்பு, போபோவிச் எடி மாபோவைப் பற்றி அணிக்கு விளக்கினார். ஆஸ்திரேலியப் பூர்வகுடிகளின் நில உரிமைக்காக வழக்காடிய டோரஸ் நீரிணைத் தீவுக்காரர் மாபோ. அன்று அவர் பெயரால் அனுசரிக்கப்படும் மாபோ நாள். அணியின் மாற்று ஆட்டக்காரர் பேட்டி மில்ஸ் அதே தீவு மக்களைச் சேர்ந்தவர். பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் ஒருவரின் வம்ச வரலாறு இறுதிப் போட்டித் தயாரிப்பின் நடுவே பாடமாகிறது என்றால், அந்த ஆட்டக்காரர் மறுநாள் எப்படி ஓடுவார் என்று விளக்க வேண்டியதில்லை.

இவ்வளவையும் படிப்பவர்களுக்கு இது ஏதோ அன்பு இல்லம் என்று தோன்றலாம். டோனி பார்க்கரின் முதல் ஆண்டுகள் அந்த எண்ணத்தைத் திருத்தும். பெல்ஜியத்தில் பிறந்து பிரான்சில் வளர்ந்த பார்க்கரை முதல் சோதனையில் சில நிமிடங்களிலேயே வேண்டாம் என்று போபோவிச் முடிவுகட்டினார். அலுவலகத்தில் பயிற்சி ஊழியராகச் சேர்ந்திருந்த சாம் பிரெஸ்டி முதலானவர்கள் காணொளிகளைத் தொகுத்துக் காட்டி வற்புறுத்திய பிறகு இரண்டாம் சோதனை நடந்தது. 2001 டிராஃப்டில் 28ஆம் இடத்தில் எடுத்தார்கள். 19 வயதில், பருவம் தொடங்கிய சில நாட்களிலேயே தொடக்க ஐவரில் இடம் கொடுத்தார்கள். அன்றிலிருந்து ஓயாத வசை. 2003 இறுதிப் போட்டியின் கடைசி ஆட்டத்தில், முடிவு நெருங்கும் நேரத்தில் பார்க்கரை உட்காரவைத்து ஸ்பீடி கிளாக்ஸ்டனை ஆடவைத்தார்கள். கோப்பை வென்ற அதே கோடையில், பார்க்கரின் இடத்துக்கே ஜேசன் கிட்டைக் கொண்டுவர அணி வெளிப்படையாக முயன்றது. கிட் மறுத்துவிட்டதால் பார்க்கரின் இடம் தப்பியது. 21 வயதுப் பையனுக்கு இது பெரிய அவமானம். எல்லோரும் இதைத் தாங்குவார்கள் என்று சொல்ல முடியாது. பார்க்கர் தாங்கினார்; 2007 இறுதிப் போட்டியின் சிறந்த ஆட்டக்காரரும் ஆனார்.

அவரை மாற்றியதில் வசைக்கு இருந்த பங்கைவிட சிப் எங்கெலண்டுக்கு இருந்த பங்கு பெரிது. எறிதல் ஒன்றை மட்டுமே கற்றுக்கொடுக்கும் பயிற்சியாளராக 2005இல் அணியில் சேர்ந்தார் எங்கெலண்ட். பார்க்கரின் வேகத்தை யாராலும் தடுக்க முடியாது. ஆனால் வெளியிலிருந்து எறியத் தெரியாது என்பதால் எதிரணிகள் பின்வாங்கி நின்று வழியை அடைத்தன. எங்கெலண்ட் முதலில் மூன்று புள்ளி எறிதலையே நிறுத்தச் சொன்னார். பிறகு பந்தின் மேல் கட்டைவிரல் படியும் இடத்தை மாற்றினார். கை எங்கே பந்தை விடுகிறது என்பதைச் சரிசெய்தார். கூடைக்கு அருகில் தொடங்கி ஒவ்வோர் அடியாகப் பின்னால் நகர்த்தினார். 2005–06 பருவத்தில் பார்க்கரின் எறிதல்களில் பாதிக்கு மேல் கூடைக்குள் விழுந்தன. உயரம் குறைந்த பந்து நடத்துநர்களில் அந்த விகிதத்தை எட்டியவர்கள் அரிது. உள்ளதை அழிக்காமல், தவறும் ஒரு சிறிய இடத்தை மட்டும் பிடித்துத் திருத்துவது எங்கெலண்டின் வழி.

மனு ஜினோபிலியிடம் இந்தப் பண்பாடு தானே வளைந்துகொடுத்தது. 1999 டிராஃப்டில் மொத்தம் 58 பேர். இந்த அர்ஜென்டினக்காரர் 57ஆவது. மூன்று ஆண்டு இத்தாலியில் ஆடவிட்டு, ஐரோப்பியக் கோப்பை வென்றபின் 2002இல் வரவழைத்தார்கள். தேர்வு செய்தவரை வெளிநாட்டிலேயே வளரவிடும் இந்த உத்தியைப் பிற்பாடு மற்ற அணிகளும் கைக்கொண்டன. ஜினோபிலி கணிக்க முடியாத ஆள். கூட்டத்துக்கு நடுவே பந்தை எறிவார், பாதி ஆட்டத்தில் தலைகீழாகப் பாய்வார். போபோவிச் முதலில் கட்டுப்படுத்தப் பார்த்தார். பிறகு, வாயை மூடிக்கொண்டு பார்ப்பதே நல்லது என்று கற்றுக்கொண்டதாக அவரே சொன்னார். பதிலுக்கு ஜினோபிலி, எந்த அணியிலும் தொடக்க ஐவரில் ஆடத் தகுதியிருந்தும், பல பருவங்கள் பெஞ்சிலிருந்து எழுந்து வரச் சம்மதித்தார். 2008இல் லீக்கின் சிறந்த மாற்று ஆட்டக்காரர் விருது அவருக்கு. ஒலிம்பிக் தங்கம் வென்றவரே பெஞ்சில் உட்காரும்போது, 22 வயதுப் பையன் தன் நிமிடங்களை எண்ணிக் குறைபட முடியாது.

இதற்கிடையில் லீக்கின் சூழல் மாறிவந்தது. டங்கன் போல நான்கு ஆண்டு படித்துவிட்டு வருபவர்கள் குறைந்தார்கள். பள்ளியிலிருந்து நேராக வரும் வழியை 2006 டிராஃப்ட் முதல் வயது வரம்பு அடைத்தது. ஆனாலும் கல்லூரியில் ஓராண்டோடு கிளம்பி வருவது வழக்கமானது. கல்லூரிப் பயிற்சியாளர்கள் செய்துவந்த வேலை என்பிஏ அணிகளின் தலையில் விழுந்தது. 2001இல் தொடங்கிய வளர்ச்சி லீக்கைப் பல அணிகள் ஆட்டம் சரியில்லாதவர்களை அனுப்பும் தண்டனை இடமாகவே நினைத்தன. ஸ்பர்ஸ் 2007இல் ஆஸ்டின் டோரோஸ் என்ற வளர்ச்சி லீக் அணியை விலைக்கு வாங்கியது. சொந்தமாக அப்படி ஓர் அணி வைத்திருந்தது அதற்கு முன் லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ் மட்டுமே. ஆஸ்டின் நகரம் சாலையில் ஒன்றரை மணி நேரத் தொலைவு. காலையில் சான் அன்டோனியோவில் பயிற்சி, இரவில் ஆஸ்டினில் ஆட்டம் என்று ஒருவர் இரண்டையும் செய்யலாம். அங்கும் அதே ஆட்ட வரைவுகள், அதே சொற்கள், அதே எறிதல் பயிற்சி.

கனடாவைச் சேர்ந்த கோரி ஜோசஃப் 2011இல் 29ஆம் இடத்தில் தேர்வானவர். பெரிய அணியின் பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருப்பதைவிட ஆடுவதே மேல் என்று, தன்னை ஆஸ்டினுக்கு அனுப்பும்படி அவரே கேட்டார். அப்போது அது லீக்கில் கேள்விப்படாத வேண்டுகோள். ஜானதன் சிம்மன்ஸ் 2013இல் 150 டாலர் கட்டணம் செலுத்தி ஆஸ்டினின் திறந்த தேர்வுக்கு வந்தவர். 2015இல் ஸ்பர்ஸ் சீருடை அணிந்தார். டேனி கிரீன் வேறு விதம். கிளீவ்லேண்ட் அணி விலக்கிய அவரை 2010 நவம்பரில் சேர்த்து, ஒரு வாரத்துக்குள் ஸ்பர்ஸும் விலக்கியது. வளர்ச்சி லீக்கில் ரீனோ அணிக்கு ஆடிவிட்டு, மறுபடி வாய்ப்புக் கேட்டு, 2011 மார்ச்சில் திரும்ப வந்தார். இரண்டு ஆண்டு கழித்து 2013 இறுதிப் போட்டியில் 27 மூன்று புள்ளி எறிதல்களைக் கூடையில் போட்டார். அதுவரை இறுதிப் போட்டியில் யாரும் அத்தனை போட்டதில்லை.

இளைஞர்களுக்கு ஆடும் நேரம் கிடைத்ததற்கு வேறொரு வழக்கமும் காரணம். வயதான நட்சத்திரங்களுக்குப் பருவத்தின் நடுவே ஓய்வு கொடுக்கத் தொடங்கியது ஸ்பர்ஸ். 2012 நவம்பர் 29 அன்று மயாமிக்கு எதிரான ஆட்டத்துக்கு முன் டங்கன், பார்க்கர், ஜினோபிலி, கிரீன் நால்வரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ரசிகர்களை ஏமாற்றியதாகச் சொல்லி லீக் 2,50,000 டாலர் அபராதம் விதித்தது. அன்று எஞ்சியிருந்தவர்கள் நடப்புச் சாம்பியனிடம் 5 புள்ளியில்தான் தோற்றார்கள்.

கவாய் லெனர்ட் இந்த முறையின் உச்சமும் அதன் எல்லையும். 2011 டிராஃப்ட் இரவில், தாங்களே 26ஆம் இடத்தில் எடுத்து வளர்த்த ஜார்ஜ் ஹில்லை இந்தியானாவுக்குக் கொடுத்துவிட்டு, 15ஆம் இடத்தில் தேர்வான லெனர்டை வாங்கினார்கள். ஹில் போபோவிச்சுக்கு மிகப் பிடித்த பையன், மனமில்லாமல்தான் விட்டார்கள். சான் டியாகோ ஸ்டேட் கல்லூரியில் லெனர்டின் மூன்று புள்ளி எறிதல்களில் நான்கில் ஒன்றுதான் விழுந்தது. ஜூலை 1 அன்று தொழில் தகராறால் லீக் மூடப்படவிருந்தது. அதன் பிறகு அணி ஊழியர்கள் ஆட்டக்காரர்களோடு பேசவே கூடாது. டிராஃப்டுக்கும் அந்த நாளுக்கும் இடையே கிடைத்த ஒரு வாரத்தில் எங்கெலண்ட் அவர் எறிதலைப் பிரித்துக் காட்டினார்: பந்து தலைக்குப் பின்னாலிருந்து கிளம்புகிறது, அதை முன்னால் கொண்டுவர வேண்டும். மீதி மாதங்கள் லெனர்ட் தனியாக உழைத்தார். டிசம்பரில் பருவம் தொடங்கியது. முதல் ஆண்டு முடிவில் விகிதம் 37 சதத்தைத் தாண்டியிருந்தது.

2013 ஜூன் 18. இறுதிப் போட்டியின் ஆறாவது ஆட்டம், மயாமி. 28 வினாடி இருக்கையில் ஸ்பர்ஸ் 5 புள்ளி முன்னிலை. கோப்பை வழங்க மைதான ஓரத்தில் கயிறு கட்டத் தொடங்கிவிட்டார்கள். ஜினோபிலி ஒரு ஃப்ரீ த்ரோவைத் தவறவிட்டார். 21 வயது லெனர்டும் ஒன்றைத் தவறவிட்டார். 5.2 வினாடி மிச்சமிருக்க ரே ஆலன் மூலையிலிருந்து எறிந்த மூன்று புள்ளி ஆட்டத்தைச் சமன் செய்தது. கூடுதல் நேரத்தில் ஸ்பர்ஸ் தோற்றது. வெற்றி விருந்துக்காக ஓர் இத்தாலிய உணவகத்தில் முன்பதிவு செய்திருந்தார்கள். ரத்து செய்ய வேண்டாம் என்றார் போபோவிச். எல்லோருக்கும் முன்னால் அங்கே போய்ச் சேர்ந்து, மேசைகளை ஒழுங்குபடுத்தி, ஒவ்வொருவராக வந்தவர்களை வரவேற்று, மேசை மேசையாக நடந்து பேசிக்கொண்டிருந்தார். ஏழாவது ஆட்டத்திலும் தோல்விதான். அடுத்த பருவத்தின் தொடக்கத்தில் ஆறாவது ஆட்டத்தின் காணொளியை முழு அணிக்கும் போட்டுக் காட்டினார். யாரும் யாரையும் குற்றம் சொல்ல இடமில்லாதபடி எல்லோர் தவறும் அதில் இருந்தது.

2013–14 பருவத்தைத் தொடங்கிய அணியில் பத்துப் பேர் அமெரிக்கப் பெருநிலத்துக்கு வெளியே பிறந்தவர்கள். கையில் பந்து வந்தால் அரை வினாடிக்குள் எறி, கொடு, அல்லது பாய் என்பது விதி. நல்ல வாய்ப்பு கிடைத்தவரும் அதைவிட நல்ல வாய்ப்பு உள்ளவருக்குப் பந்தைத் தர வேண்டும். மயாமியை 4–1 என்று வென்றார்கள். ஆட்டத்துக்குச் சராசரி 14 புள்ளி இடைவெளி. கடைசி மூன்று ஆட்டங்களில் 29, 20, 22 புள்ளி எடுத்த லெனர்ட் 22 வயதில் இறுதிப் போட்டியின் சிறந்த ஆட்டக்காரரானார்.

நான்கு ஆண்டில் அந்த உறவு முறிந்தது. 2016இல் டங்கன் ஓய்வு பெற்றார். 2017–18 பருவத்தில் தொடைத் தசைக் காயத்தின் சிகிச்சை குறித்து லெனர்ட் தரப்புக்கும் அணி மருத்துவர்களுக்கும் கருத்து வேறுபாடு எழுந்தது. அவர் நியூயார்க்கில் தன் சொந்த மருத்துவர்களிடம் சென்றார். அந்தப் பருவத்தில் ஆடியது 9 ஆட்டங்கள். 2018 ஜூலையில் டேனி கிரீனோடு சேர்த்து டொரன்டோவுக்கு மாற்றப்பட்டார். மறு ஆண்டே அங்கே கோப்பை வென்றார். யார் பக்கம் நியாயம் என்பது இங்கே பெரிதல்ல. ராபின்சன் டங்கனுக்குக் கைமாற்றியது போல டங்கன் லெனர்டுக்குக் கைமாற்றுவார் என்று அணி கணக்குப் போட்டிருந்தது. ஆட்டம் கைமாறியது, சொன்னதைக் கேட்டுக்கொள்ளும் டங்கனின் மனம் கைமாறவில்லை. அது அணியின் சொத்து என்று பலரும் நினைத்திருந்தார்கள். அது டங்கனுடையது.

அதிர்ஷ்டத்தின் பங்கையும் குறைத்துச் சொல்லக் கூடாது. 1987இலும் 1997இலும் குலுக்கல் வேறு விதமாக விழுந்திருந்தால் போபோவிச்சின் பொறுமையும் எங்கெலண்டின் நுணுக்கமும் வெளியே தெரிந்திருக்காது. வளர்க்க முயன்று வராமல் போனவர்களும் உண்டு. 2013இல் முதல் சுற்றில் எடுத்த லிவியோ ஜான்-சார்ல் ஸ்பர்ஸுக்காக ஒரு பருவ ஆட்டமும் ஆடவில்லை. 2019இல் 19ஆம் இடத்தில் எடுத்த லூக்கா சமானிச் இரண்டு ஆண்டில் விலக்கப்பட்டார். ஆனால் அதே டிராஃப்டில் 29ஆம் இடத்தில் எடுத்த கெல்டன் ஜான்சன் நிலைத்தார். 29 என்ற எண்ணில் அவருக்குச் சற்று முன் இருவர்: 2016இல் டெஜான்டே மரே, 2017இல் இரண்டாம் பிரிவுக் கல்லூரியில் தொடங்கிய டெரிக் ஒயிட். மூவரும் ஆஸ்டின் வழியாக வந்தவர்கள். மரே 2022இல் ஆல்-ஸ்டார் ஆனார். ஒயிட் 2024இல் பாஸ்டனோடு கோப்பை வென்றார். ஒயிட் கோப்பை வெல்வதற்குள் இருவரையும் ஸ்பர்ஸ் விற்றுவிட்டிருந்தது.

இந்த முறை ஆட்டக்காரர்களோடு நிற்கவில்லை. பொமோனாவில் படித்த மைக் பூடன்ஹோல்சர் காணொளி அறையில் தொடங்கி உதவிப் பயிற்சியாளராகி, 2021இல் மில்வாக்கிக்குக் கோப்பை பெற்றுத்தந்தார். 2014இல் பெக்கி ஹேமன் என்பிஏயில் முழுநேர ஊதியம் பெறும் முதல் பெண் உதவிப் பயிற்சியாளரானார். 2010இல் அடிமட்டத்தில் சேர்ந்த வில் ஹார்டி இன்று யூட்டா அணியின் தலைமைப் பயிற்சியாளர். பார்க்கருக்காக வாதாடிய பிரெஸ்டி 2007இல் பொது மேலாளராகப் போய், ஓக்லஹோமா சிட்டியில் இளைஞர்களை மட்டுமே நம்பி ஓர் அணியைக் கட்டினார். எங்கெலண்டும் 2022இல் அங்கேயே போய்ச் சேர்ந்தார். 2025 கோப்பை அந்த அணிக்கு.

சான் அன்டோனியோவில் 2022–23 பருவம் 22 வெற்றியோடு முடிந்தது. எங்கெலண்ட் இல்லாத அந்தப் பருவத்திலும் பழைய கைப்பழக்கம் தெரிந்தது: ஃப்ரீ த்ரோக்களில் பாதிகூடப் போட முடியாமல் திணறிய 19 வயது ஜெரமி சோகனை ஒற்றைக் கையால் எறியச் சொன்னார்கள். பார்த்தவர்கள் சிரித்தார்கள், பருவ முடிவில் பத்துக்கு ஏழு விழுந்தது. 2023 மே மாதம் குலுக்கல் மூன்றாம் முறையாகக் கைகொடுத்தது. பிரான்சின் விக்டர் வெம்பன்யாமா வந்தார். முதல் பருவத்திலும் 22 வெற்றிதான். சோகனைப் பந்து நடத்துநராக ஆடவைத்துப் பார்த்து, தோற்று, கைவிட்டார்கள். வெம்பன்யாமாவுக்குச் சிறந்த புதியவர் விருது ஒருமனதாகக் கிடைத்தது. அடுத்த ஆண்டு 39 வயது கிறிஸ் பாலை அழைத்துவந்தார்கள். அவர் 82 ஆட்டங்களும் ஆடினார், பெரும்பாலும் இளைஞர்களுக்கு வழிகாட்டவே. சிறந்த புதியவர் விருது அந்த ஆண்டும் ஸ்பர்ஸுக்கே. இம்முறை ஸ்டெஃபன் காசல்.

2024 நவம்பர் 2 அன்று போபோவிச்சுக்குப் பக்கவாதம் வந்தது. பெஞ்சுக்கு அவர் திரும்பவில்லை. 1,422 வெற்றி என்ற என்பிஏ பயிற்சியாளர் சாதனையோடு 2025 மே 2 அன்று பொறுப்பைத் துறந்து, அணி நிர்வாகத்தின் தலைவராக மட்டும் நீடித்தார். அவர் இடத்துக்கு வெளியிலிருந்து பெரிய பெயர் யாரையும் தேடவில்லை. பக்கவாதத்துக்குப் பின் பொறுப்பைப் பார்த்துவந்த மிட்ச் ஜான்சனையே நிரந்தரமாக நியமித்தார்கள். ஜான்சன் 2016இல் ஆஸ்டினில் உதவிப் பயிற்சியாளராகச் சேர்ந்து, மூன்று ஆண்டு அங்கே வேலை பழகி, 2019இல் சான் அன்டோனியோவுக்கு உயர்த்தப்பட்டவர்.